மின்னூலகத்துக்கும் நூலக வரியில் ஒரு பங்கு: தமிழ்நாடு அரசுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர், தகவல் தொழில்நுட்பம் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறைச் செயலாளர், பொது நூலக இயக்குநர் ஆகியோர்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கான முன்மொழிவுகளைத் துறைகள் தொகுக்கும் காலத்தில் இந்த மடலை எழுதுகிறேன். தமிழ்நாட்டின் மின்னூலகப் பணிகளுக்குப் பெரும்பாலும் திட்டந்தோறும், அரசாணைதோறும் ஒதுக்கப்படுகிற நிதியை 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, ஆண்டுதோறும் தவறாமல் கிடைக்கும் நிதியாக மாற்ற வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. பல துறைகளிடம் பிரிந்து கிடக்கும் அந்தப் பணிகளுக்கு ஒரே பொறுப்பாளர் வேண்டும் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் நிறைவேறினால் மற்றவை படிப்படியாகச் சரியாகும் என்பது மாவட்ட நூலகப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற என் உறுதியான கருத்து.

விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகங்களுக்கென முதன்முதலாகச் சட்டம் இயற்றியது நம் மாநிலம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியாலும், அன்றைய கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கத்தின் அக்கறையாலும் வந்த அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. உள்ளாட்சி அமைப்புகள் சொத்து வரியோடு சேர்த்து அதை வசூலித்து, மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்தும் நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தொடக்கத்தில் குறைவாக இருந்த வீதம் பின்னர் உயர்த்தப்பட்டு, இன்று சொத்து வரி ரூபாய்க்கு 10 காசாக இருக்கிறது. 4,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் கொண்ட ஒரு வலைப்பின்னல் இந்த மாநிலத்தில் எழுந்ததற்கும், ஆட்சிகள் மாறியும் அது மூடப்படாமல் நிற்பதற்கும் அந்த வரியே முதற்காரணம். நூலகம் என்பது ஒவ்வோர் ஆண்டும் செலவு கேட்கும் நிறுவனம் என்பதை அச்சட்டத்தை வரைந்தவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி விதி.

அந்த உணர்வு மின்னூலகத்துக்கு இன்னும் நீட்டிக்கப்படவில்லை என்பதே என் குறை. செய்யப்பட்டவற்றை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக 2001-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக வளர்ந்து, அரிய நூல்களையும் பருவ இதழ்களையும் சுவடிகளையும் மின்னுருவாக்கி, 2017 முதல் தனித் தளத்தில் உலகுக்கே இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கன்னிமாரா நூலகத்தின் பழைய நூல்களைத் தேடிச் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்த ஆய்வு மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பதை அவர்களிடம் கேட்டால் தெரியும். இவ்வளவு அரிய பணியின் எதிர்காலம், ஒவ்வொரு முறையும் யாரோ ஓர் அதிகாரி முன்முயற்சி எடுத்து, கோப்பு நகர்ந்து, நிர்வாக ஒப்புதல் கிடைப்பதை நம்பியிருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

மின்னூலகத்தில் எங்கே செலவு பிறக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நிதித் துறை அலுவலர்கள் இதை ஒரு முறை செய்து முடிக்கும் கொள்முதலாகக் கருதுவதற்குக் காரணம், ஸ்கேன் இயந்திரம் மட்டுமே அவர்கள் கண்ணுக்குத் தெரிவதுதான். எழுபது, எண்பது ஆண்டுப் பழைய நூல் ஒன்று மேசைக்கு வரும்போது முதலில் அதன் தூசியை மென்தூரிகையால் அகற்ற வேண்டும். ராமபாணப் பூச்சி துளைத்த தாள் விரல் பட்டாலே விளிம்பில் உதிரும். தையல் இறுக்கமாக இருந்தால் நடுவோரத்து எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். அத்தகைய நூலைத் தட்டையாக அழுத்தினால் முதுகு பிளந்துவிடும் என்பதால், பாதி திறந்த நிலையிலேயே தாங்கிப் பிடிக்கும் தொட்டிலில் வைத்து மேலிருந்து படமெடுக்க வேண்டும். மடித்து ஒட்டிய நிலப்படம் இருந்தால் அதைத் தனியாக விரித்து எடுக்க வேண்டும். முகப்பேடு இல்லாவிட்டால் வேறொரு நூலகத்துப் படியோடு ஒப்பிட்டு நூலை அடையாளம் காண வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு காசு என்று பேசி முடித்த ஒப்பந்தத்தில் இவை எல்லாமே நேர விரயமாகத் தோன்றும். வேகமாகப் புரட்டப்பட்டு, பணியாளரின் கட்டைவிரலும் சேர்ந்து பதிவான பக்கங்களையும், நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டதால் இரண்டு பக்கங்கள் இல்லாமற்போன நூல்களையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பணியாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால் அதற்கு ஏற்ற வேலைதான் நடக்கும்.

படமெடுத்தபின் தொடங்குவது சேமிப்புச் செலவு. டெமி எனப்படும் வழக்கமான நூல் அளவிலான ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 400 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் வண்ணத்தில் பதிந்தால், சுருக்கப்படாத மூலக்கோப்பு ஏறத்தாழ 22 எம்.பி. வரும். 300 பக்க நூலுக்கு அது 6.5 ஜி.பி.யைத் தாண்டும். ஒரு லட்சம் நூல்கள் என்றால் சுமார் 670 டெராபைட் (டி.பி.); பாதுகாப்புக்காக மூன்று படிகள் வைத்தால் 2,000 டி.பி. தரம் குறையாமல் சுருக்கும் முறைகளால் இதைக் கணிசமாகக் குறைக்கலாம் என்றாலும், வாசகர் இறக்கிக்கொள்ளும் சிறிய பி.டி.எஃப். கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலக்கோப்பை அழித்துவிடலாம் என்ற யோசனைக்கு மட்டும் ஒருபோதும் இடம் தரலாகாது, ஏனெனில் உதிர்ந்துகொண்டிருக்கும் நூலை இன்னொரு முறை ஸ்கேன் செய்யும் வாய்ப்பு பெரும்பாலும் நமக்குக் கிடைக்காது. வன்தட்டுகளைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். காந்த நாடாக்களில் வைத்தால், பழைய நாடாவைப் புதிய தலைமுறைக் கருவிகள் படிக்க மறுப்பதற்குள் அடுத்த தலைமுறை நாடாவுக்கு நகலெடுக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் சரிபார்ப்பு எண்ணைப் பதிந்து வைத்து, குறித்த இடைவெளியில் மறுபடி கணித்துப் பார்த்தால்தான், யாரும் தொடாமலே கெட்டுப்போன கோப்பு எது என்று தெரியும். அதற்கு ஆள் வேண்டும். இவற்றில் எதையும் தொடக்க விழா நாளில் யாருக்கும் காட்ட முடியாது. ஆனாலும் பத்து ஆண்டுகள் கழித்து நூலகம் இருக்குமா என்பதை இவையே முடிவு செய்யும்.

இது வெறும் அச்சமன்று. மத்திய அரசின் ஆதரவில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் முயற்சியில் உருவான டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா பல லட்சம் நூல்களை ஸ்கேன் செய்தது; அவற்றுள் தமிழ் நூல்களும் ஏராளம். பின்னாளில் அதன் தளத்தை வாசகர்கள் அணுக முடியாமற்போனது. அந்நூல்களில் பெரும்பகுதி இன்றும் நமக்குக் கிடைக்கிறது என்றால், அவற்றின் படிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் தளத்தில் ஏற்றப்பட்டதுதான் காரணம். பொதுப் பணத்தில் மின்னுருவான நூல்கள் இப்படித் தற்செயலாகப் பிழைத்தன. தமிழ்நாட்டின் சேகரிப்பும் அப்படியொரு தற்செயலை நம்பி இருக்கலாமா என்று நிதித் துறையிடம் நீங்கள் கேட்க வேண்டும்.

நிதிக்கு என் முன்மொழிவு இதுதான். நூலக வரியின் வீதத்தை உயர்த்த வேண்டாம். ரூபாய்க்கு 10 காசாக வசூலாவதில் அரைக் காசை, அதாவது வரியில் இருபதில் ஒரு பங்கை, மாநில மின்னூலக நிதி என்ற தனிக் கணக்குக்கு ஒதுக்கும் வகையில் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கலாம். அதற்கு இணையான தொகையை மாநில அரசு ஆண்டுதோறும் தன் மானியத்தில் இருந்து வழங்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இடம்பெற வேண்டும். ஆண்டு முடிந்தால் செலவாகாத தொகை திரும்பிப் போகாமல் அந்தக் கணக்கிலேயே நிற்க வேண்டும். வன்தட்டுகளும் வழங்கிகளும் ஒவ்வோர் ஆண்டும் மாற்றப்படுவதில்லை, மாற்ற வேண்டிய ஆண்டில் மட்டும் பெருந்தொகை தேவைப்படும்.

இதில் நியாயமான ஓர் எதிர்ப்பு எழும். வரி வருவாய் பெரும்பாலும் ஊதியத்துக்கும் வாடகைக்குமே சரியாகப் போகிறது, அதிலும் கைவைத்தால் கிளை நூலகங்கள் என்ன ஆகும் என்று மாவட்ட நூலக அலுவலர்கள் கேட்பார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையே கேட்பேன். சொத்து மதிப்பு அதிகமுள்ள சென்னை, கோயம்புத்தூர் போன்ற இடங்களில் வரி பெருகுவதும், சிறு நகரங்களையும் ஊராட்சிகளையும் மட்டுமே கொண்ட மாவட்டங்களில் அது சொற்பமாக இருப்பதும் இச்சட்டத்தின் பழைய சிக்கல். ஆகவே, தன் ஊழியர் ஊதியத்தைத் தன் வரி வருவாயால் ஈடுகட்ட முடியாத ஆணைக்குழுவுக்கு இந்தப் பங்களிப்பில் இருந்து முழு விலக்கு அளித்து, அந்தப் பங்கையும் அரசே ஏற்க வேண்டும். மின்னூலகத்தின் நூல் சென்னைக்கு ஒன்று, அரியலூருக்கு ஒன்று என்று பிரிந்து போவதில்லை. ஒரு முறை வாங்கியது எல்லோருக்கும் சேரும். வசதியுள்ள ஆணைக்குழு கொடுக்கும் பணம் வசதியில்லாத மாவட்டத்தின் வாசகருக்கும் பயன்படும் வழி அச்சு நூலகத்தில் மிக அரிது, மின்னூலகத்திலோ அது இயல்பாகவே அமைகிறது.

வரி நிலுவை பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். மக்கள் கட்டிய நூலக வரியை வசூலித்த உள்ளாட்சி அமைப்புகள் அதை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் வேறு செலவுகளுக்குத் திருப்பிக்கொள்வது பல்லாண்டுக் காலக் குறை. நிலுவைத் தொகைகள் பற்றிய செய்திகள் நாளேடுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. கடிதம் எழுதிக் கேட்டு வாங்கும் முறை இனிப் பயன் தராது. மாநில நிதிக்குழுப் பரிந்துரையின்படி உள்ளாட்சிகளுக்கு அரசு விடுவிக்கும் மானியத்தில் இருந்து நிலுவையைப் பிடித்தம் செய்து நேரடியாக ஆணைக்குழுக் கணக்கில் சேர்க்க வேண்டும். சொத்து வரியை இணையவழியே செலுத்துவோர் பெருகிவிட்ட இந்நாளில், செலுத்தும் கணத்திலேயே நூலகப் பங்கு பிரிந்து உரிய கணக்குக்குப் போகும்படி மென்பொருளில் ஏற்பாடு செய்வதும் கடினமன்று. இதை மட்டும் செய்தாலே அரைக் காசு பற்றிய கவலை பெருமளவு தீரும்.

அடுத்தது பொறுப்பு. பொது நூலகங்கள் பள்ளிக் கல்வித் துறையிடம் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகம் தகவல் தொழில்நுட்பத் துறையிடம் இருக்கிறது. நூல்களை நாட்டுடைமையாக்குவது தமிழ் வளர்ச்சித் துறை. ஆவணக் காப்பகமும், ஓலைச்சுவடிகளைக் காக்கும் நிறுவனங்களும், பல்கலைக்கழக நூலகங்களும் வேறு வேறு கூரைகளின் கீழ் இருக்கின்றன. இவற்றுள் ஒன்று ஏற்கெனவே ஸ்கேன் செய்த நூலை இன்னொன்று மீண்டும் ஸ்கேன் செய்வதைத் தடுக்க இன்று முறையான வழி ஏதும் இல்லை. துறைகளை இணைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை; அது ஆண்டுக் கணக்கில் இழுக்கும் வேலை. நூல்கள் அவரவரிடமே இருக்கட்டும். மின்னுருவாக்கத்துக்கான பொதுப் பட்டியல், தர அளவுகோல், சேமிப்பு, நிதி ஆகிய நான்கையும் சட்டப்படி அமைந்த ஒரு மின்னூலக வாரியத்திடம் ஒப்படைத்தால் போதும். அதன் தலைமைப் பொறுப்பில் நூலக அறிவியல் பயின்ற முழுநேர அலுவலர் ஒருவர், இடையில் மாற்றப்படாமல் குறைந்தது ஐந்தாண்டு இருக்க வேண்டும். கூடுதல் பொறுப்பாக யாரிடமாவது கொடுக்கப்படும் பணி எப்படி நடக்கும் என்பது அரசு அலுவலகங்களை அறிந்த எவருக்கும் தெரியும்.

அந்த வாரியத்தில் அரசுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இடம் வேண்டும். அரசுகள் இத்துறையில் காலடி வைக்கும் முன்பே, 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தந்தது. 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற பெயருடைய திட்டம், ஈழத்து எழுத்துகளை நன்கொடைகளைக் கொண்டே திரட்டிவருகிறது. 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் தனியொருவர் திரட்டிய சேகரிப்பை ஆய்வுலகம் மதிக்கும் காப்பகமாக வளர்த்தது. நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டபோது, வீட்டில் இருந்தபடி பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்த தன்னார்வலர்களுக்கு யாரும் ஊதியம் தரவில்லை. இவர்களின் அனுபவத்துக்கு ஈடான அறிவு எந்த ஆலோசனை நிறுவனத்திடமும் விலைக்குக் கிடைக்காது.

மெய்ப்புப் பற்றிச் சொன்னேன். பக்கத்தின் படம் மட்டும் இருந்தால் அதை நூல் என்று முழுமையாகச் சொல்ல முடியாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பானில் அந்தக் கோப்பைத் திறந்தால் அவர் காதில் எதுவும் விழாது. ஆய்வாளர் ஒரு சொல்லைத் தேடினால் எதுவும் அகப்படாது. படத்தில் இருந்து எழுத்தை உணரும் மென்பொருள்கள் தமிழுக்கு இன்று நன்றாகவே முன்னேறியிருக்கின்றன. எனினும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னோ வடிவங்களிலும், தேய்ந்த அச்செழுத்துகளிலும், மறுபக்கத்து மை ஊடுருவித் தெரியும் தாள்களிலும் அவை தடுமாறுகின்றன. மனிதக் கண்ணின் மெய்ப்பு தேவைப்படும் இவ்வேலைக்குத் தமிழ் பயின்ற பட்டதாரிகளை மாவட்டந்தோறும் அமர்த்தலாம். மின்னூலக நிதியில் நான் முதலில் எழுதக்கூடிய செலவினம் இதுவே.

நூற்பட்டியலும் அப்படியே. உ.வே. சாமிநாதையர், உ.வே. சாமிநாத ஐயர், உ.வே.சா., முன்னெழுத்து இல்லாத சாமிநாதையர் என ஒரே ஆசிரியர் நான்கு வடிவங்களில் பதிவானால், ஒன்றைத் தேடுபவருக்கு மற்ற மூன்றின் கீழ் உள்ள நூல்கள் தெரியவே தெரியாது. புதுமைப்பித்தன் என்று தேடுபவருக்குச் சொ. விருத்தாசலம் என்ற பெயரில் பதிவானதும் கிடைக்க வேண்டும். அச்சு நூலகத்தில் இதைப் பட்டியலாளர் கவனித்தார். மின்னூலகத்தில் ஒப்பந்தத் தரவுப் பதிவாளரிடம் விடப்படுகிறது. ஆசிரியர் பெயர்களுக்கான ஒரு தரப்பட்டியலை மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் பராமரிக்க இரண்டு மூன்று நல்ல பட்டியலாளர்கள் போதும். அந்தப் பணியிடங்கள் நிரந்தரமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் இணைய முகவரியும் தளம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மாறாமல் நிலையாக இருக்க வேண்டும், இல்லையேல் அதை மேற்கோளாகக் காட்டிய ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகள் எல்லாம் செத்த முகவரிகளாகிவிடும்.

உரிமை குறித்த தயக்கம் இப்பணியைப் பல இடங்களில் தேவைக்கு மேல் முடக்கி வைத்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்து 60 ஆண்டுகளில் உரிமை முடிகிறது. ஆகவே ஒவ்வொரு ஜனவரி முதல் நாளும் ஒரு தொகுதி நூல்கள் பொதுவுடைமைக்கு வருகின்றன. அந்த ஆண்டில் வரும் ஆசிரியர்களின் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து, அவர்களின் நூல்களைத் திரட்டி வைப்பது வாரியத்தின் வழக்கமான வேலையாக வேண்டும். உரிமை முடியாத நூல்களுக்கும் வழி இருக்கிறது. வணிக நோக்கில்லாத பொது நூலகம், தன்னிடம் அச்சுப்படி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம் என்று 2012-இல் செய்யப்பட்ட திருத்தம் அனுமதிக்கிறது. எல்லோருக்கும் இணையத்தில் திறந்துவிட அது இடம் தராது. ஆனால் அழிவில் இருந்து காப்பாற்ற இடம் தருகிறது. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்கித் தரவும் அதே சட்டத்தில் விலக்கு உண்டு. இந்த இரண்டு பிரிவுகளையும் விளக்கி ஒரு தெளிவான சுற்றறிக்கை எல்லா மாவட்ட மைய நூலகங்களுக்கும் போனாலே பாதித் தயக்கம் நீங்கும்.

பதிப்பாளர்களிடம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த தமிழ் நூல்களில் மிகப் பெரும்பாலானவை கணினியில் அச்சுக்கோக்கப்பட்டவை. ஏற்கெனவே மின்கோப்பாக இருந்த நூலை அச்சிட்டு, பொது நூலகங்களுக்கு அரசு நூல் வாங்கும் நூலக ஆணையின் வழியே வாங்கி, பல ஆண்டுகள் கழித்து மங்கிய தாளில் இருந்து அதையே ஸ்கேன் செய்து, எழுத்துணரியில் இட்டு, பிழை திருத்திக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய வீண்வேலை! நூலக ஆணையில் ஒரு நூலை அரசு வாங்கும்போதே, அச்சுக்குப் போன கோப்பின் ஒரு படியைப் பூட்டிய காப்பில் வைக்க ஒப்படைக்கும்படி விதியில் சேர்க்கலாம். உரிமைக்காலம் முடியும் வரை, அல்லது பதிப்பாளரே இசைவு தரும் வரை, அதை யாரும் திறக்க முடியாது என்ற உறுதியும் அதே விதியில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் இருக்கும் கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிக் கொடுக்கும் வேலையை வாரியமே இலவசமாகச் செய்து தந்தால், சிறு பதிப்பாளர்களுக்கு அது மின்னூல் வெளியிட ஓர் உதவியாகவும் அமையும். 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின் கீழ் நாட்டின் நான்கு நூலகங்களில் ஒன்றாக அச்சுப்படிகளைப் பெற்றுவரும் கன்னிமாராவுக்கு, மின்வடிவில் மட்டுமே வெளியாகும் நூல்கள் வந்து சேர்வதற்கும் இதுவே தொடக்கமாகலாம்.

உரிமையுள்ள மின்னூல்களை இரவல் தரும் சேவையைத் தொடங்கும்போது ஒப்பந்த வாசகங்களில் மிகுந்த விழிப்பு வேண்டும். 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், நூலகங்களுக்கு விற்ற மின்னூல் 26 முறை இரவல் போனதும் காலாவதியாகும் என்று அறிவித்ததை உலகின் நூலகர்கள் இன்றும் மறக்கவில்லை. வாங்குகிறோமா, வாடகைக்கு எடுக்கிறோமா என்பது கையெழுத்திடும் முன்பே தெளிவாகத் தெரிய வேண்டும். நிறுவனம் மாறினால் நூல்களும் நூற்பட்டியலும் நம்மோடு வருமா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மாவட்டந்தோறும் தனித்தனியே பேசாமல் மாநிலம் முழுமைக்கும் ஒரே குரலில் பேரம் பேசினால்தான் இத்தகைய நிபந்தனைகளைக் கேட்டுப் பெற முடியும். எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் ஒவ்வொரு இரவலுக்கும் உரிய தொகை போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆய்விதழ்களிலும் இதே கூட்டுப் பேரம் தேவை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த, மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரே நாடு ஒரே சந்தா திட்டம், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. கல்லூரி முடித்துவிட்டு மாவட்ட மைய நூலகத்தில் அமர்ந்து படிக்கும் இளைஞருக்கு அதில் இடம் இல்லை. பொது நூலகங்களின் கணினிகளில் இருந்து அவற்றைப் படிக்க அனுமதி கேட்டு மத்திய அரசுக்குத் தமிழ்நாடு எழுத வேண்டும்.

மின்னூலகம் என்றால் கைப்பேசியில் படித்துக்கொள்வார்கள் என்று ஊர்ப்புற நூலகங்களை மறந்துவிடக் கூடாது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அந்தச் சிறு கட்டடத்தைத் தேடி வருவது நூலுக்காக மட்டுமன்று. வீட்டில் இல்லாத மேசையும் அமைதியும் அங்கே கிடைக்கின்றன. 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்புத் தரும் மாநில அரசின் பணி நடந்துவரும்போது, ஊராட்சி அலுவலகத்துக்கு வரும் இணைப்பை அருகிலுள்ள நூலகத்துக்கும் நீட்ட ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறிது. இணைப்போடு ஒரு பெரிய திரை, ஒலிக்கருவி, அவற்றைப் பயன்படுத்தச் சொல்லித்தரப் பயிற்சி பெற்ற நூலகர் ஆகியவை வேண்டும். மிகக் குறைந்த ஊதியத்தில் பல்லாண்டுகளாகப் பணிபுரியும் ஊர்ப்புற நூலகர்கள் மேல் இந்தப் புதிய பொறுப்பையும் சுமத்திவிட்டு அவர்களின் ஊதியத்தைப் பழைய நிலையிலேயே விட்டுவைப்பது அறமாகாது.

யார் எதைப் படிக்கிறார்கள் என்ற பதிவை, நூல் திரும்பியதும் அழித்துவிட வேண்டும். உறுப்பினரின் வாசிப்புப் பதிவை வேறு எந்தத் துறையும் நிறுவனமும் கேட்டுப் பெற முடியாது என்று சட்டத் திருத்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

படிகளை எங்கே வைப்பது என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. அண்ணா நூற்றாண்டு நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் கோட்டூர், கோட்டூர்புரம் வட்டாரத்தில் அருகருகே அமைந்திருக்கின்றன. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் அடையாற்றங்கரையில் கோட்டூர்புரம் பட்ட பாட்டைச் சென்னைவாசிகள் அறிவார்கள். ஒரு படி சென்னையிலும், இன்னொரு படி 2023-இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும், மூன்றாவது படி மாநிலத்துக்கு வெளியே நம்பகமான ஒரு நிறுவனத்திடமும் இருக்கட்டும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்துபோயின. வேறெங்கும் படி இல்லாத சுவடிகள் அன்றோடு போயின. நமக்கு இன்று படியெடுக்கும் வசதி இருக்கிறது.

துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் ஆண்டுதோறும் எத்தனை பக்கங்கள் மின்னுருவாக்கப்பட்டன என்ற எண் தரப்படுகிறது. அதோடு, எத்தனை நூல்கள் சொல் தேடக்கூடிய வடிவில் உள்ளன, எத்தனை கோப்புகள் அவ்வாண்டில் சரிபார்க்கப்பட்டன, எத்தனை கெட்டிருந்து மீட்கப்பட்டன, நூலக வரியில் எந்த உள்ளாட்சி எவ்வளவு நிலுவை வைத்திருக்கிறது என்ற எண்களையும் சேர்த்து வெளியிடுங்கள். சட்டத் திருத்தத்தின் வரைவை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்துச் சொல்ல இரண்டு மாதமாவது அவகாசம் தாருங்கள். நூலகர்களையும் வாசகர்களையும் பதிப்பாளர்களையும் அழைத்து நீங்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும், என் செலவில் வந்து இந்த மடலில் உள்ள ஒவ்வொரு முன்மொழிவுக்கும் விளக்கம் தர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பொது நூலகப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு நூலகர்